கதிர்க்காபன் காலக்கணிப்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

அண்மைக்காலத்தில் எமது பத்திரிகைச் செய்திகளிலும் நீதிமன்ற நடவடிக்கைகளிலும் அடிக்கடி இடம்பெறும் சொற்றொடர்களுள் ஒன்றாகக் 'காபன் பரிசோதனை' மாறியிருக்கிறது. மனிதப் புதைகுழியொன்று வெளிப்படும்போது எலும்புகளைக் காபன் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமென்ற கோரிக்கை எழுகிறது. தமிழகத்தின் கீழடியிலோ எமது அநுராதபுரத்திலோ பழைய ஓடொன்று கிடைத்தால் அதன் காலத்தையிட்டு வாதப்பிரதிவாதங்கள் மூள்கின்றன. முடிவு எமக்குச் சாதகமாக அமைந்தால் விஞ்ஞானம் வென்றது என்கிறோம். பாதகமாக அமைந்தால் ஆய்வுகூடத்தின் மீது ஐயம் கொள்கிறோம். ஆனால் அப்பரிசோதனை உண்மையில் எதனை அளக்கிறது, அளந்ததை எவ்வாறு ஆண்டுக் கணக்காக மாற்றுகிறது, எந்த இடத்தில் அதன் அதிகாரம் முடிவடைகிறது என்பன குறித்து எம்மிடையே நிலவும் தெளிவு போதாது. காணாமற்போனோரின் உறவினர்கள் இன்றும் பதிலுக்காகக் காத்திருக்கும் ஒரு நாட்டில் இத்தெளிவு வெறும் பொது அறிவு சார்ந்த விடயமன்று.

உயிருள்ளவற்றின் கடிகாரம்

காபன் என்ற மூலகம் இயற்கையில் மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. விஞ்ஞானிகள் இவற்றைச் சமதானிகள் என்பர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு காபன்-12. ஏறத்தாழ ஒரு பங்கு காபன்-13. இவையிரண்டும் உறுதியானவை, காலத்தால் மாற்றமடையாதவை. மூன்றாவதான காபன்-14 உறுதியற்றது, கதிர்த்தொழிற்பாடுடையது. ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி காபன் அணுக்களை எண்ணினால் அவற்றுள் ஒன்றுதான் காபன்-14 ஆக இருக்கும். இவ்வளவு அரிதான அணுவின் மீதுதான் இக்காலக்கணிப்பு முழுவதும் தங்கியிருக்கிறது.

காபன்-14 வானத்தில் பிறக்கிறது. விண்வெளியிலிருந்து இடையறாது வந்து மோதும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் நியூத்திரன்களைத் தோற்றுவிக்கின்றன. அந்நியூத்திரன்கள் நைதரசன் அணுக்களைத் தாக்கி அவற்றைக் காபன்-14 ஆக மாற்றுகின்றன. அவ்வாறு பிறந்த காபன் ஒட்சிசனுடன் சேர்ந்து காபனீரொட்சைட்டாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. தாவரங்கள் ஒளித்தொகுப்பின் மூலம் அதனை உட்கொள்கின்றன. தாவரங்களை விலங்குகள் உண்கின்றன. இரண்டையும் மனிதன் உண்கிறான். ஆகவே நெற்பயிர், பசு, மனிதன் என உயிர்வாழும் அனைத்தும் காற்றிலுள்ள அதே விகிதத்தில் காபன்-14ஐத் தம்முள் கொண்டிருக்கின்றன. உடலிலுள்ள காபன்-14 சிதைந்துகொண்டேயிருந்தாலும் உணவு அக்குறையை ஈடுசெய்துவிடுகிறது.

உயிர் பிரிந்ததும் இந்த வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டுமே தொடர்கிறது. 5,730 ஆண்டுகளில் காபன்-14இன் அளவு பாதியாகும். மேலும் 5,730 ஆண்டுகள் சென்றால் மிகுதியிலும் பாதி குறைந்து காற்பங்கு எஞ்சும். 17,190 ஆண்டுகளில் எட்டிலொரு பங்கே இருக்கும். வெப்பமோ குளிரோ, ஈரமோ வரட்சியோ, எத்தகைய மண்ணில் புதைந்திருந்தாலும் இவ்வேகம் மாறுவதில்லை. எனவே பழைய பொருளொன்றில் எஞ்சியுள்ள காபன்-14ஐ அளந்தால் அது காபனை உட்கொள்வதை எப்போது நிறுத்தியது என்று கணித்துவிடலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'நிறுத்தியது' என்பதாகும். அளக்கப்படுவது ஓர் உயிரின் மரணமே. அவ்வுயிரின் எச்சத்தை மனிதன் பயன்படுத்திய நாளன்று. மரம், கரி, நெல்மணி, எலும்பு, தோல், பருத்தித் துணி ஆகியன ஒருகாலத்தில் உயிரோடிருந்தவை என்பதால் அவை இப்பரிசோதனைக்கு உட்படும். கருங்கல்லும் சுட்டமண் பானையும் உயிர்வாழ்ந்தவையல்ல. பானையோடு அதே மண்படையில் கிடந்த கரித்துண்டுதான் பரிசோதிக்கப்படுகிறது. அக்கரியின் காலம் பானைக்கும் பொருந்தும் என்பது அகழ்வாய்வாளரின் அனுமானம். அவ்வனுமானம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எனினும் அதைச் செய்பவர் மனிதரேயன்றிக் காபன் அல்ல.

சாக்கடையில் தொடங்கிய சோதனை

காபன்-14ஐ 1940ஆம் ஆண்டு பெப்ரவரியில் கலிபோர்னியாவின் பேர்க்லியில் மார்ட்டின் காமன், சாம் ரூபன் என்ற இரு இளம் விஞ்ஞானிகள் முதன்முதலாக ஆய்வுகூடத்தில் உருவாக்கிக் காட்டினர். அது இயற்கையிலும் இருக்க வேண்டும், அதனைக் கொண்டு காலத்தை அளக்கலாம் என்ற எண்ணத்தைச் செயலாக்கியவர் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியரான வில்லார்ட் லிபி ஆவார்.

லிபியும் அவரது சகாக்களும் முதலில் நாடியது பழைய சமாதிகளையல்ல. அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரின் கழிவுநீரையே. மனிதக் கழிவிலிருந்து எழும் மெதேன் வாயு அண்மையில் உயிரோடிருந்தவற்றிலிருந்து வருவது. ஆகவே அதில் காபன்-14 இருக்க வேண்டும். பெற்றோலியத்திலிருந்து பெறப்படும் மெதேன் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்த உயிர்களின் எச்சம். அதில் காபன்-14 அறவே இருத்தலாகாது. இரண்டையும் ஒப்பிட்டபோது எதிர்பார்த்தவாறே முடிவு கிடைத்தது. 1947இல் அது வெளியிடப்பட்டது.

அடுத்து, வயது முன்னரே தெரிந்த பொருட்களைக் கொண்டு கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. எகிப்திய மன்னன் சோசரின் சமாதியில் கிடைத்த மரத்துண்டு, வளையங்களை எண்ணி வயது கணிக்கப்பட்ட மரங்கள் முதலியவை பரிசோதிக்கப்பட்டன. வரலாறு கூறிய வயதும் காபன் கூறிய வயதும் அன்றைய அளவீட்டு வழுவின் எல்லைக்குள் ஒத்துப்போயின. 1949 டிசம்பரில் இம்முடிவுகள் வெளியாகின. 1960ஆம் ஆண்டின் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு லிபிக்குக் கிடைத்தது.

அளவீட்டின் கடினத்தை ஒரு கணக்கால் உணரலாம். இன்றைய உயிரொன்றின் ஒரு கிராம் காபனில் ஏறத்தாழ 6,000 கோடி காபன்-14 அணுக்கள் உண்டு. ஆயினும் ஒரு நிமிடத்தில் சிதைபவை சுமார் 14 மட்டுமே. லிபியின் முறை இச்சிதைவுகளை ஒவ்வொன்றாக எண்ணியது. அதற்குக் கிராம் கணக்கில் மாதிரி தேவைப்பட்டது. 1977 முதல் வளர்ச்சியடைந்த துணிக்கை ஆர்முடுக்கி முறையில், சிதைவுக்காகக் காத்திராமல் அணுக்களையே நேரடியாக எண்ணுகின்றனர். ஒரு மில்லிகிராம் காபனே இதற்குப் போதும். தனியொரு நெல்மணியும் தன் வயதைச் சொல்லும் நிலை இதனால் ஏற்பட்டது.

இக்கடிகாரத்திற்கு எல்லையும் உண்டு. 50,000 ஆண்டுகளில் எஞ்சியிருப்பது தொடக்க அளவின் நானூறில் ஒரு பங்கிற்கும் குறைவே. அந்நிலையில் சிறு மாசும் பெருந்தவறை விளைவிக்கும். காபன்-14 முற்றாக அற்றுப்போன மிகப் பழைய பொருளொன்றில் நூற்றுக்கு ஒரு பங்கு புதிய காபன் கலந்துவிட்டால், அதன் வயது ஏறத்தாழ 37,000 ஆண்டுகள் என்று தவறாக வெளிப்படும். களுத்துறை மாவட்டத்தின் பாஹியன்கல குகையில் மனிதர் வாழ்ந்த காலம் 45,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அது இம்முறையின் எல்லையை அண்டிய காலம் என்பதை மனங்கொண்டால், அக்கணிப்பின் பின்னாலுள்ள கவனமும் உழைப்பும் புலனாகும்.

மரவளையம் தந்த திருத்தம்

காற்றிலுள்ள காபன்-14இன் அளவு என்றும் ஒரே மாதிரியாக இருந்ததென்பது லிபியின் எடுகோள். அது முற்றிலும் சரியன்று என்பதை 1958இல் ஒல்லாந்து விஞ்ஞானி ஹெசெல் டி விறீஸ் சுட்டிக்காட்டினார். சூரியனின் செயற்பாடும் புவியின் காந்தப்புலமும் மாறும்போது பூமியை அடையும் அண்டக்கதிர்களின் அளவும் மாறுகிறது. அதற்கேற்பக் காபன்-14இன் உற்பத்தியும் கூடிக் குறைகிறது. இதனால் எகிப்தின் பழைய பொருட்களுக்குக் காபன் கூறிய வயது உண்மையான வயதைவிடச் சில நூறு ஆண்டுகள் குறைவாக இருந்தமை பின்னர் தெளிவாயிற்று.

இதற்குத் தீர்வு மரங்களிடமே இருந்தது. மரம் ஆண்டுக்கொரு வளையம் இடுகிறது. ஒவ்வொரு வளையமும் தான் உருவான ஆண்டின் காற்றைத் தன்னுள் பதிந்து வைத்திருக்கிறது. கலிபோர்னிய மலைகளில் 4,000 ஆண்டுகளுக்கும் மேலாக வாழும் பைன் மரங்களின் வளையங்களை ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி 1960களில் அளந்தார். பின்னர் உயிருள்ள மரங்களின் வளையங்களோடு சேற்றிலும் ஆற்றுப்படுகையிலும் புதைந்த பழைய மரங்களின் வளையங்களைப் பொருத்தி, 12,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொடர்ச்சியான பதிவு உருவாக்கப்பட்டது. அதற்கும் அப்பாற்பட்ட காலத்திற்கு ஜப்பானின் சுயிகெற்சு ஏரியின் ஆண்டுப் படிவுகளும் குகைச் சுண்ணப்படிவுகளும் கைகொடுத்தன. 2020இல் வெளியிடப்பட்ட சர்வதேசத் திருத்தக்கோடு 55,000 ஆண்டுகள் வரை செல்கிறது.

ஆய்வுகூடம் தரும் முடிவு இத்திருத்தக்கோட்டோடு ஒப்பிடப்பட்ட பின்னரே நாட்காட்டி ஆண்டாக மாறுகிறது. அதனால்தான் முடிவு ஒருபோதும் தனியோர் ஆண்டாக அமைவதில்லை. இந்த ஆண்டிலிருந்து அந்த ஆண்டு வரை, இவ்வளவு நிகழ்தகவுடன் என்றே அது சொல்லப்படும். தலைப்புச் செய்தியில் ஒற்றை ஆண்டொன்று காணப்பட்டால், நடுவே இருந்த ஏதோவொன்று விடுபட்டுப்போயிற்று என்று கொள்ளலாம்.

திருத்தக்கோடு எங்கும் சீராகச் சாய்வதுமில்லை. கி.மு. 800க்கும் கி.மு. 400க்கும் இடைப்பட்ட பகுதியில் அது ஏறத்தாழச் சமதளமாகக் கிடக்கிறது. கி.மு. 750இல் வெட்டப்பட்ட மரமும் கி.மு. 450இல் வெட்டப்பட்ட மரமும் ஏறக்குறைய ஒரே காபன் வயதையே காட்டும். எவ்வளவு நுட்பமான கருவியாயினும் தனியொரு மாதிரியைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிதல் அரிது. கீழும் மேலுமாக உள்ள பல மண்படைகளிலிருந்து பல மாதிரிகளை எடுத்து, அவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பதே வழி.

இந்நானூறு ஆண்டுகள்தாம் எமது பிராந்தியத்தின் எழுத்து வரலாறு சர்ச்சைக்குள்ளாகும் காலம் என்பது கவனத்திற்குரியது. அநுராதபுரத்தின் உட்கோட்டைப் பகுதியில் கிடைத்த பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளைக் கலாநிதி சிரான் தெரணியகல கி.மு. 600-500 காலத்தவை எனக் கருதினார். பின்னர் அங்கு அகழ்வாய்வு நடத்திய ரொபின் கொனிங்ஹாம் தலைமையிலான குழுவினர் தாம் கண்ட ஓடுகளைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தனர். வைகைக்கரைக் கீழடியில் 353 சென்ரிமீற்றர் ஆழத்தில் பெறப்பட்ட மாதிரியின் காலம் கி.மு. 580 எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. இம்மூன்றும் அந்தச் சமதளத்திலோ அதன் விளிம்பிலோ அமைபவை. ஆகவே ஐம்பது ஆண்டு முந்தியது யார் என்று கரித்துண்டுகளைக் கொண்டு போட்டியிடுவது, அக்கருவி தாங்காத சுமையை அதன் மேல் ஏற்றுவதாகும்.

அதனிலும் முக்கியமான உண்மையொன்று உண்டு. கரித்துண்டுக்கு மொழியில்லை, இனமுமில்லை, சமயமுமில்லை. அது எரிந்த மரம் எக்காலத்தில் வளர்ந்தது என்று சொல்லும். அடுப்பை மூட்டியவர் எம்மொழியில் பேசினார் என்று சொல்லாது. முதலில் வந்தவர் யார் என்ற வினாவுக்கு ஆய்வுகூடத்தில் விடை தேடுவோர் சிங்களவராயினும் தமிழராயினும் ஏமாற்றமடைவர். பழைமை ஆய்வுக்குரியதேயன்றி, ஒரே மண்ணில் வாழும் மக்களின் உரிமையைத் தீர்மானிக்கும் அளவுகோல் அன்று.

பேர்மிங்காம் ஏடுகள் உணர்த்துவது

ஒரு காலக்கணிப்பை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பதற்குப் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலுள்ள இரு தோல் ஏடுகள் சிறந்த எடுத்துக்காட்டாகும். புனித குர்ஆனின் 18 முதல் 20 வரையான அத்தியாயங்களின் பகுதிகள் ஹிஜாஸி எழுத்தில் அவ்வேடுகளில் எழுதப்பட்டுள்ளன. அல்போன்ஸ் மிங்கானா திரட்டிய சுவடித் தொகுப்பில், காலத்தால் சற்றுப் பிந்திய வேறொரு பிரதியின் ஏடுகளோடு அவை தவறுதலாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஒக்ஸ்போர்ட் ஆய்வுகூடத்தில் நடத்தப்பட்ட பரிசோதனையின்படி அத்தோல் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது, நிகழ்தகவு 95.4 வீதம். 2015 ஜூலையில் இம்முடிவு வெளியானபோது உலகெங்குமுள்ள முஸ்லிம்கள் மகிழ்ந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வுக்காலம் கி.பி. 570 முதல் 632 வரை என வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கொள்வதே அம்மகிழ்ச்சிக்குக் காரணம்.

செய்தி வெளியானதும் இருவகை மிகைக் கூற்றுகள் எழுந்தன. இவை நபிகளாரின் காலத்திலேயே எழுதப்பட்டமை நிரூபணமாகிவிட்டது என்றனர் சிலர். 568 என்ற ஆண்டைப் பற்றிக்கொண்டு, இவ்வசனங்கள் நபிகளாருக்கும் முற்பட்டவை என்று வாதிட முனைந்தனர் வேறு சிலர். இரு சாராரும் பரிசோதனை சொல்லாததையே சொன்னார்கள். அளக்கப்பட்டது தோல், மையன்று. தோலின் காலம் என்பது அவ்விலங்கு இறந்த காலம். எழுத்து அதன் பின்னரே இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது உறுதி. எவ்வளவு காலத்தின் பின்னர் என்பதைக் காபன் கூறாது. மேலும் 568 என்பது வீச்சின் ஓர் எல்லையே தவிர விடையன்று. எழுத்தின் வடிவம், ஏனைய பிரதிகளோடு ஒப்பீடு, வரலாற்றுச் சான்றுகள் ஆகியவற்றையும் இணைத்தே அறிஞர்கள் முடிவுக்கு வருவர். அவ்வாறு நோக்கும்போது, இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய குர்ஆன் ஏடுகளுள் இவை அடங்கும் என்ற முடிவு உறுதியாக நிற்கிறது. அதற்கு மிகைக்கூற்று எதுவும் தேவைப்படவில்லை.

அணுகுண்டு விட்டுச்சென்ற அடையாளம்

இனி எமது காலத்திற்கும் எமது துயரத்திற்கும் நெருக்கமான பகுதிக்கு வருவோம். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுப் பரிசோதனைகள் பெருந்தொகையான நியூத்திரன்களை வெளியிட்டன. அதனால் வட அரைக்கோளத்தின் காற்றில் காபன்-14இன் அளவு 1963ஐ அண்டி ஏறத்தாழ இருமடங்காகியது. அவ்வாண்டில் கைச்சாத்தான தடை ஒப்பந்தத்தின் பின்னர் அது படிப்படியாகக் குறைந்து வந்தது. இக்காலத்தில் உயிர்வாழ்ந்த எவரது உடலிலும் அந்த மிகைக் காபன் பதிந்திருக்கும். அழிவுக்காகச் செய்யப்பட்ட சோதனை, பின்னாளில் இறந்தவருக்காகச் சாட்சி சொல்லும் அடையாளமாக மாறியமை வரலாற்றின் விசித்திரம்.

பல்லின் மிளிரி சிறுபராயத்தில் உருவானபின் மாறுவதில்லை. அதிலுள்ள காபனை அளந்து ஒருவரது பிறந்த ஆண்டைச் சுமார் 1.6 ஆண்டு வழுவுடன் கணிக்கலாம் என 2005இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினர். எலும்பு மெதுவாகப் புதுப்பிக்கப்படுவதால் அது வாழ்வின் பல ஆண்டுகளின் சராசரியைத் தரும். இரண்டையும் சேர்த்து நோக்கும்போது, அடையாளம் தெரியாத உடலொன்றின் பிறப்பையும் இறப்பையும் ஓரளவு நெருங்கலாம்.

மன்னார் நகரின் சதொச வளாகத்தில் 2018இல் வெளிப்பட்ட புதைகுழியில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. அவற்றுள் சிறுவர்களுடையனவும் அடங்கும். ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பப்பட்டன. அவை பல நூற்றாண்டுகள் பழைமையானவை, இந்நாட்டில் ஐரோப்பியர் ஆட்சி நிலவிய காலத்தையொட்டியவை என 2019 மார்ச்சில் முடிவு வந்தது. தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் அம்முடிவை ஏற்கத் தயங்கினர். அத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு விளக்கமளிக்க வேண்டியது பொறுப்பிலிருந்தோரின் கடமை.

விஞ்ஞானம் இதில் கூறக்கூடியது என்ன? மீன் உண்ணும் மக்களின் எலும்பு உண்மையான வயதைவிடக் கூடிய வயதைக் காட்டக்கூடும் என்பது உண்மை. கடல்நீரிலுள்ள காபன் காற்றிலுள்ளதைவிடப் பழையது. அதனால் சில நூறு ஆண்டுகள் வரை வேறுபாடு நேரலாம். மன்னார் போன்ற கரையோரப் பிரதேசத்தில் இதனைக் கருத்திற்கொண்டே திருத்தம் செய்யப்பட வேண்டும். ஆனால் 1990களில் இறந்த ஒருவர் மீனுணவின் காரணமாக 16ஆம் நூற்றாண்டவராகத் தோற்றமளிக்க மாட்டார். ஏனெனில் கடலின் மேற்பரப்பு நீரிலும் அணுகுண்டுக் காபன் கலந்துவிட்டது. ஆகவே பரிசோதிக்கப்பட்ட ஆறு மாதிரிகளைப் பொறுத்தவரை, அவை மாசற்றவையாக இருந்திருப்பின் முடிவைப் புறந்தள்ள முடியாது. எஞ்சிய முந்நூறுக்கும் அம்முடிவு தானாகப் பொருந்துமா என்பதுதான் மிகுதி வினா. ஒரே மயானத்தில் வெவ்வேறு காலத்தவர் புதைக்கப்படுவது வழமை. எவ்விடத்திலிருந்து, எந்த ஆழத்திலிருந்து, என்ன அடிப்படையில் மாதிரிகள் தெரிவுசெய்யப்பட்டன என்பதே இங்கு தீர்க்கமானது. அது ஆய்வுகூடத்தின் வேலையன்று.

மாத்தளையில் 2012இல் வெளிப்பட்ட புதைகுழி வேறொரு பாடத்தைத் தந்தது. அங்கு கிடைத்த பொருட்களைக் கொண்டு அது 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்ததென ஒரு முடிவும், காபன் அளவீட்டைக் கொண்டு 1950க்கு முற்பட்டதென மற்றொரு முடிவும் முன்வைக்கப்பட்டன. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1950 வரை திருத்தக்கோடு மேலும் கீழுமாக அலைவதால், அக்காலத்தைச் சேர்ந்த எலும்பின் சரியான நூற்றாண்டைக்கூடக் காபன் மட்டும் பிரித்துச் சொல்வது கடினம். ஆயினும் அணுகுண்டுக் காபன் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு அது தெளிவாகப் பதிலளிக்கும். இவ்வாறு இரண்டு சான்றுகள் முரண்படும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டு மற்றொன்றை மூடிவைப்பது தீர்வாகாது. கூடுதல் மாதிரிகள், பல் மிளிரிப் பரிசோதனை, வேறோர் ஆய்வுகூடத்தின் அளவீடு ஆகியனவே தீர்வாகும்.

2025இல் யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பாடசாலைப் பையொன்றும் அவற்றிடையே கிடைத்தது. மட்டக்களப்பின் குருக்கள்மடத்தில் 1990இல் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டதாகக் கூறப்படும் முஸ்லிம்களின் உறவினர்களும் அகழ்வையும் நீதியையும் கோரி வந்துள்ளனர். தமிழ்த் தாயின் கண்ணீருக்கும் முஸ்லிம் தாயின் கண்ணீருக்கும் இப்பரிசோதனை வேறுபாடு காட்டாது. அதனை நடத்துவோரும் காட்டலாகாது.

நாம் கேட்க வேண்டியவை

சர்ச்சைக்குரிய பொருளை எவ்வாறு பரிசோதிப்பது என்பதற்கு உலகில் முன்மாதிரி இல்லாமலில்லை. இத்தாலியின் தூரின் நகரிலுள்ள, இயேசுநாதரின் உடலைப் போர்த்தியதாகப் பலர் நம்பும் துணியை 1988இல் பரிசோதித்தபோது, ஒரே ஆய்வுகூடத்தை நம்பியிருக்கவில்லை. அரிசோனா, ஒக்ஸ்போர்ட், சூரிச் ஆகிய மூன்று ஆய்வுகூடங்களுக்குத் தனித்தனியே மாதிரிகள் வழங்கப்பட்டன. ஒப்பீட்டுக்காக வேறு பழைய துணிகளும் உடன் கொடுக்கப்பட்டன. மூன்றும் கி.பி. 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலத்தையே காட்டின. முடிவை ஏற்காதோர் இன்றும் உளர். ஆயினும் முடிவுகளும் வழிமுறையும் அடுத்த ஆண்டே வெளியிடப்பட்டன. ஒரு துணிக்கு அவ்வளவு கவனம் செலுத்தப்படுமாயின், மனித எலும்புகளுக்கு அதனிலும் குறைவான கவனம் போதுமென்று எவரும் கூறமுடியாது.

ஆகவே காபன் பரிசோதனை முடிவொன்று வெளியாகும்போது அதனைப் போற்றுவதற்கோ தூற்றுவதற்கோ முன்னர் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. பரிசோதிக்கப்பட்டது எது? அது எவ்விடத்திலிருந்து, யாருடைய முன்னிலையில் எடுக்கப்பட்டது? எத்தனை மாதிரிகள்? சொல்லப்படும் காலம் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன நிகழ்தகவுடன்? முழு அறிக்கை வெளியிடப்பட்டதா? இவற்றுக்கு விடை கிடைக்குமாயின் கசப்பான முடிவையும் ஏற்கும் பக்குவம் மக்களுக்கு உண்டு. விடை மறுக்கப்படுமாயின் உண்மையான முடிவும் ஐயத்திற்குள்ளாகும்.

காபன்-14 எவருக்கும் சார்பாகச் சிதைவதில்லை. எவருடைய கட்டளைக்கும் அதன் வேகம் மாறுவதில்லை. எந்த எலும்பை எடுப்பது, எத்தனை எலும்பை எடுப்பது, கிடைத்த விடையை யாரிடம் சொல்வது என்பன மட்டுமே மனிதர் கையில் இருக்கின்றன. அந்தப் பகுதியில் நேர்மை தவறாதிருக்க வேண்டும் என்பதே உறவுகளைத் தேடிக் காத்திருப்போர் சார்பில் நாம் விடுக்கும் கோரிக்கையாகும்.